பத்து மஞ்சள் மாத்திரைகள்

கரைக்கு இன்னும் இரண்டு மணி நேர ஓட்டம் இருந்தது. போனில் சிக்னல் ஒரு கம்பி எழும்பியதும் ததேயுஸ் கையிலிருந்த வலையை விட்டுவிட்டு மீன்பிடிப் போட்டின் முன்பக்கம் ஏறிப்போய் ஜெஸ்பினைக் கூப்பிட்டான். பன்னிரண்டு நாள் கடல் தங்கல் முடிந்து திரும்புகிறார்கள். ஆழ்கடலில் போன் வெறும் டார்ச் லைட்தான். வயர்லெஸ்ஸில் பெண்டாட்டியிடம் பேச முடியுமா? பேசினால் நாற்பது போட்டுக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான்.

"வந்தியளா?" என்றாள் ஜெஸ்பின். வாய்க்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது குரல்.

"கரை ஏறப் போறோம். கையி எப்படிட்டி இருக்கு?"

"கையா? கேளுங்கோ. விடியக்காலம் எழும்பி முட்டி பிடிச்சுப் பாத்தேன். அஞ்சு வெரலும் மடங்குது. நீரெல்லாம் வத்திப் போச்சு."

ததேயுஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஒரு வருசமாக அந்த விரல்கள் மடங்கி அவன் பார்த்ததில்லை. புட்டுக்குழாயைப் பிடிக்க முடியாமல், ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியாமல், கடைசியில் சிலுவை போட நெற்றிக்குக் கையைத் தூக்க முடியாமல் அவள் நின்ற நிற்பெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"பொறவு வாயி என்னத்துக்கு ஒருமாதிரி இருக்கு?"

"வாய்ப்புண்ணு. சூடா இருக்கும். முத்துக்கனி அக்கா மணத்தக்காளிக் கீரை கொண்டாந்தா. நீங்க பைய வந்து சேருங்கோ."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வந்தபோது, சுக்கான் பிடித்திருந்த எபிசன் அவன் முகத்தைப் பார்த்தான்.

"என்ன வே, பல்லு முப்பத்திரண்டும் வெளிய நிக்குது?"

"கையி மடங்குதாம் வே அவளுக்கு."

"அப்பம் நீரு இனி பாத்து இரியும். இம்புட்டு நாளும் ஓங்க முடியாமத்தான் ஒம்ம விட்டு வச்சிருந்தா."

போட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ததேயுசும் சிரித்தான். ஆனால் அந்தப் பஞ்சடைத்த குரல் மட்டும் தொண்டையில் மீன்முள் குத்தின மாதிரி நின்றது. விழுங்கினாலும் போகவில்லை, காறினாலும் வரவில்லை.

ஜெஸ்பினுக்கு நாற்பத்துமூன்று வயது. ஊரில் அண்டி ஆபீஸ் என்று சொல்லும் முந்திரிப்பருப்பு ஆலையில் பதினாறு வருசமாகத் தோல் உரிக்கிறவள். வறுத்து உடைத்த பருப்பின் மேல் ஒட்டிக்கிடக்கும் செம்புநிறத் தோலை, பருப்பு பிளக்காமல் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். அதற்கு விரல்தான் எல்லாம். போன வருசம் மழைக்காலத்தில் காலை எழும்பும்போது கை கல்லாய்க் கிடந்தது. வெயில் ஏறி இரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் விரல் கொஞ்சம் அசையும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, முட்டிக்கு முட்டி வீக்கம். நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் வாங்கித் தேய்த்தார்கள். முருங்கை இலை கட்டினார்கள். ஆறு மாதம் போன பிறகு நாகர்கோவிலில் மூட்டுவாதத்துக்கென்று இருக்கும் டாக்டர் நந்தனாவிடம் போனார்கள்.

டாக்டர் திருவட்டாறுப் பக்கத்துப் பெண். பதறாமல் பேசுவாள்.

"இது தேய்மானம் இல்ல. நீங்க வேலை செஞ்சதால வந்ததும் இல்ல," என்றாள். "ஒடம்பைக் காவல் காக்க ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்கு. அதுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். அந்தச் சேதிக்கு சைட்டோகைன்னு பேரு. ஒரு எடத்துல கிருமி வந்தா, 'இங்க வாங்க, இங்க வாங்க'ன்னு கூப்பிடும். எல்லாம் ஓடி வரும். அந்த எடம் சிவக்கும், வீங்கும், சுடும். கிருமி செத்ததும் கூப்பாடு நிக்கணும். ஒங்க மூட்டுல கிருமியே இல்ல. ஆனாலும் கூப்பாடு நிக்கல. டி.என்.எஃப்.னு ஒரு சேதி, இன்டர்லூக்கின் ஆறுன்னு ஒரு சேதி. ஓடி வந்த அணு ஒவ்வொண்ணும் அதையே திருப்பிக் கூவுது. கூட்டம் கூடக்கூட மூட்டுக்குள்ள சவ்வு தடிக்கும். விட்டா எலும்பை அரிச்சிரும்."

"வயர்லெஸ்ல பொத்தான் ஒட்டிக்கிட்டது மாதிரி," என்றான் ததேயுஸ்.

டாக்டருக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். பேசுகிறவன் பொத்தானை அமுக்கிப் பேச வேண்டும், பேசி முடித்ததும் விட வேண்டும். உப்பேறிப் பொத்தான் ஒட்டிக்கொண்டால் அந்தப் போட்டின் இரைச்சலே எல்லாப் போட்டிலும் கேட்கும். உதவி கேட்ட குரலோடு பொத்தான் ஒட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம், ஆபத்து முடிந்த பிறகும் போட்டுகள் அங்கேயே போய்க் குவியும், ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

"இதை நான் மத்த பேஷண்டுக்கும் சொல்லப் போறேன்," என்று டாக்டர் சிரித்தாள்.

"அப்பம் என்னத்துக்கு டாக்டரே எனக்குச் சாயங்காலமானா காய்ச்சக் குணம்? சோறும் எறங்க மாட்டேங்குது," என்று ஜெஸ்பின் கேட்டாள்.

"அந்தச் சேதி மூட்டோட நிக்காது. ரத்தத்துல ஏறி மூளைக்கும் போகும், கல்லீரலுக்கும் போகும். சோர்வு, காய்ச்சல், ரத்தக்கொறைவு எல்லாம் அதோட வேலைதான்."

மருந்து இரண்டு. ஒன்று, கூட்டத்தை அடக்குவது. ஏழரை மில்லிகிராம் மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு. மற்றது சத்து மாத்திரை, மற்ற ஆறு நாளும் தினம் ஒன்று. முதல் மருந்தின் கொடுமை தாங்க இரண்டாவது வேண்டும். "மாறிரக் கூடாது. ஞாயித்துக்கிழமை மருந்தைத் தெனமும் போட்டா ஆளையே கொன்னுரும்," என்று டாக்டர் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் ததேயுஸ்தான் தலையை ஆட்டினான். இதிலும் அடங்காவிட்டால் டி.என்.எஃப். சேதியையே வழியில் மறிக்கிற ஊசி இருக்கிறது, அதற்கு முன்னால் நெஞ்சில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினாள்.

இரண்டு மாத்திரையும் மஞ்சள். உருண்டை. கிட்டத்தட்ட ஒரே அளவு.

அட்டையில் இருந்தவரை குழப்பம் இல்லை. அட்டையைப் பிய்ப்பதுதான் பாடு. வீங்கின விரலால் அமுக்க முடியாமல் ஜெஸ்பின் பல்லால் கடித்துப் பிய்ப்பாள். மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடும். கூட வேலை பார்க்கும் முத்துக்கனி வந்தால் பிய்த்துக் கொடுப்பாள், வராத நாளில் அழுகை. இந்தத் தடவை தங்கலுக்குப் போகிற அன்று காலையில் ததேயுஸ் உட்கார்ந்து இரண்டு மாதத்து மாத்திரை முழுவதையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தான். போட்டில் அப்படித்தான் செய்வார்கள். உப்புக்காற்று அட்டைத்தாளை அரித்துவிடும் என்று காய்ச்சல், தலைவலி மாத்திரைகளை ஊறுகாய்க் குப்பியில் போட்டு, ஈரம் இழுக்க நாலு அரிசியும் போட்டு, இறுக மூடிப் பெட்டிக்குள் நிறுத்துவார்கள். பெட்டியைத் திறந்தால் மேலேயிருந்து பார்ப்பதால், பேரைக் குப்பியில் எழுதுவதில்லை. மூடியில்தான் எழுதுவார்கள்.

"அட்டையிலேயே கிடக்கட்டும்," என்றாள் ஜெஸ்பின் அன்றைக்கு. "செவப்புக் கோடு போட்டது ஞாயித்துக்கிழமை. எனக்கு அடையாளம் தெரியும்."

"நான் எழுதி வைக்கேன்லா," என்றான் அவன்.

சவுதியில் மீன்பிடிக்கப் போன இடத்தில், முப்பத்திரண்டாம் வயதில், கூடத் தங்கியிருந்த ஒருவரிடம் எழுத்துப் படித்தவன். எழுத இடம் கிடைத்தால் விடமாட்டான். ஒரே மாதிரி இரண்டு குப்பி. ஒரு மூடியில் 'ஞாயிறு' என்றும், இன்னொன்றில் 'மத்த நாள்' என்றும் எழுதிக் காயவைத்தான். மாத்திரையைப் போட்டான். வாசலில் எபிசன் ஹாரன் அடித்தான். அரிசி போட மறந்தது அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டையும் திறந்து அரிசி போட்டு, மூடியைத் திருகி, மாதாப் படத்துக்குக் கீழே பலகையில் வைத்துவிட்டு ஓடினான்.

முட்டம் துறையில் போட்டை அணைத்து, மீனை இறக்குகிற வேலையை மற்றவர்களிடம் விட்டு, ததேயுஸ் நேரே வீட்டுக்கு நடந்தான். முற்றத்தில் முத்துக்கனி நின்றாள். இராஜாக்கமங்கலத்துக்காரி, அண்டி ஆபீசில் ஜெஸ்பினுக்குப் பக்கத்து இருக்கை. நெற்றியில் அய்யா வழிக்காரர்கள் இடும் வெள்ளை நாமம். வெள்ளிக்கிழமை வேலைநாளில் அவளை அங்கே பார்த்ததும் அவன் நடை தளர்ந்தது.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்திய. நேத்து ராத்திரியிலிருந்து தண்ணி எறங்கல. ஆசுவத்திரிக்குப் போலாம்ட்டின்னா, ஒங்க பெண்டாட்டி அசையல. 'அவிய வந்து என் கையைப் பாக்கட்டும்'னு ஒரே பிடி."

ஜெஸ்பின் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். உதடு தோலுரிந்து வெந்த மாதிரி இருந்தது. நாக்கும் வாயோரமும் வெள்ளையாய்ப் புண். முழங்கைக்குக் கீழே சிறுசிறு ஊதாப் புள்ளிகள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. ஆனாலும் அவள் சிரித்தாள். வலது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, முட்டி பிடித்துக் காட்டினாள். வீக்கம் இல்லை. கல்யாணத்தன்று அவன் மோதிரம் போட்ட அதே மெலிந்த விரல்கள். ததேயுசுக்குச் சந்தோசம் வர வேண்டும். அவன் கண் அந்த ஊதாப் புள்ளிகளிலேயே நின்றது.

"மாத்திரை ஒழுங்காப் போட்டியா?"

"ஒருநாளும் முடக்கல. இன்னைக்குத்தான் எறங்கல."

அவன் பலகைப் பக்கம் போனான். 'மத்த நாள்' மூடியுள்ள குப்பியை எடுத்தான். கனமே இல்லை. திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தான். அரிசியும் மஞ்சள் மாத்திரையுமாய் விழுந்தது. அரிசியை ஒதுக்கி எண்ணினான். பத்து. திரும்ப எண்ணினான். பத்துதான். சத்து மாத்திரை ஐம்பது வாங்கினது அவனுக்கு நன்றாகத் தெரியும், ஐந்து அட்டை. பன்னிரண்டு நாளில் நாற்பது மாத்திரை எங்கே போகும்? 'ஞாயிறு' மூடியுள்ள குப்பியை எடுத்தான். கழுத்துவரை நிறைந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மருந்து வாங்கினது இரண்டே அட்டை, இருபது மாத்திரை.

இருபதில் பத்து போனால் பத்து.

இரண்டு மூடியிலும் உள்ள எழுத்தை அவன் திரும்பப் படித்தான். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். திங்கள் முதல் சனிவரை ஆறு. ஞாயிறு விட்டு, திங்கள் முதல் வியாழன்வரை நாலு. ஒருநாளும் முடக்கவில்லை.

"என்னண்ணே?" என்றாள் முத்துக்கனி.

"ஆட்டோ பிடி," என்றான். "ஓடு."

ஆட்டோவில் ஜெஸ்பின் நடுவில், இரண்டு பக்கமும் இவர்கள். ஆட்டோ அம்மாண்டிவிளையைத் தாண்டியது. ததேயுசின் மடியில் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு குப்பியும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு வந்தன. ஜெஸ்பின் அதைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்காமலே அவன் அவள் காதோரம் குனிந்து சொன்னான்.

"மூடி மாறிப்போச்சுட்டி. நான் மாத்தி மூடிட்டேன்."

அவள் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தான். ஏசுவாள் என்று நினைத்தான். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். வெந்த வாயால் ஒவ்வொரு சொல்லாக அவள் சொன்னாள்:

"டாக்டருகிட்ட ரெண்டு நாளுன்னு சொல்லுங்கோ. நாந்தான் கண்ணு தெரியாம மாத்தி எடுத்தேன்னு சொல்லுதேன். ஒங்களை ஒண்ணும் கேக்கப்புடாது. கேசு கீசுன்னு ஆச்சுன்னா..."

"பேசாத. வாயி கிழியுது."

ஆனால் அந்த 'ரெண்டு' அவன் மனசுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. இரண்டு என்றால் சின்னத் தப்பு. யாருக்கும் வருகிற தப்பு. இரண்டு என்றால் டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். பத்து என்றால், 'மூணு தடவை சொன்னேனே, நீங்கதானே தலையாட்டினீங்க' என்பாள். வைத்தியம் எப்படியும் ஒன்றுதானே, இரண்டென்றால் என்ன பத்தென்றால் என்ன என்று அவனே அவனுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தான். நாகர்கோவில் வருவதற்குள் அந்தச் சமாதானம் பாதி பலித்துவிட்டது.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். வாயைப் பார்த்தார், புள்ளிகளைப் பார்த்தார், சீட்டைப் புரட்டினார்.

"வாரத்துக்கு ஒருநாள் போடுற மருந்து இது. மாத்திப் போட்டீங்களாம்மா? எத்தனை நாள்?"

ஜெஸ்பின் இரண்டு விரலைக் காட்டினாள். ஒரு வருசமாக வீங்கிக் கிடந்த விரல்கள் குச்சி மாதிரி நேராய் நின்றன.

டாக்டர் ததேயுசைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"சரி. ரத்தம் எடுங்க சிஸ்டர். டிரிப் போடுங்க. ரிப்போர்ட் வரட்டும், பெறகு முடிவு பண்ணலாம்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அங்கே பைக்கிலிருந்து விழுந்த ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்.

முத்துக்கனி ததேயுசின் முழங்கையில் இடித்தாள். "அண்ணே, என்னத்துக்குக் கல்லு மாதிரி நிக்கிய? ரெண்டு நாளா? எனக்குத் தெரிஞ்சு போன வாரமே இவளுக்கு வாயி வெந்து போச்சே. நான் கீரை கொண்டு வந்தது ஞாயித்துக்கிழமைல்லா?"

அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் பின்னால் ஓடினான்.

"சார், ரெண்டு இல்ல சார். பத்து."

டாக்டர் திரும்பினார்.

"பத்து மாத்திரை. பதினோரு நாளையில பத்து. அதைத் தாங்குத சத்து மாத்திரையும் தெனமும் எறங்கல, ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு. நாந்தான் சார். அட்டையைப் பிச்சுக் குப்பியில போட்டு மூடியை மாத்தி மூடிட்டேன். இந்தா எண்ணிப் பாருங்க." குப்பியை மேசையில் கவிழ்த்தான். மாத்திரையோடு அரிசியும் சிதறியது. "அவ என்னைக் காப்பாத்த ரெண்டுன்னு சொல்லுதா."

டாக்டர் எண்ணவில்லை. மாத்திரை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறினது. "சிஸ்டர், நந்தனா மேடத்தைக் கூப்பிடுங்க. தனி ரூம் ஒண்ணு ரெடி பண்ணச் சொல்லுங்க. உடனே."

கால் மணி நேரத்தில் நந்தனா வந்தாள். அவள் ஏசவில்லை. எந்த நாளில் எத்தனை, கடைசி மாத்திரை எப்போது, சிறுநீர் போகிறதா என்று கேட்டுக்கொண்டே நர்சிடம் மருந்துப் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபோலினிக் அமிலம் என்று ஒரு ஊசி, அந்த மருந்தின் வேலையை முறிக்கிறது, ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவை. ஊசி ஏறின பிறகுதான் வராந்தாவுக்கு வந்தாள்.

"நல்ல வேளை சொன்னீங்க. ரெண்டுன்னு நெனச்சிருந்தா ரிப்போர்ட் வரட்டும்னு ஒக்காந்திருப்போம். இதுல ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு."

"கையி நல்லாயிட்டே டாக்டரே," என்றான் ததேயுஸ். அதைக் கேட்பதற்கே பயமாக இருந்தது. "வீக்கம் வத்தி வெரலெல்லாம் மடங்குதே. அது நல்லதுதானே?"

நந்தனா அவனைப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

"நோய் அடங்கினதால வீக்கம் வத்தல. கூப்பிட்டா வர ஆளே இல்லாததால வத்திருக்கு. வெள்ளை அணு நாலாயிரத்துக்குக் கொறையக் கூடாது. இப்போ ஆயிரத்து நூறு. எலும்பு மஜ்ஜையில புதுசா உண்டாகிற வேலையையே அந்த மருந்து நிப்பாட்டிருச்சு. வாயும் குடலும் வெந்ததும் அதனாலதான்."

"இப்பம் நெசமாவே ஒரு கிருமி வந்தா?"

"அதுதான் பயம்," என்றாள்.

அடுத்த நாள் எண்ணூறு.

ததேயுஸ் அறைக்கு வெளியே இருந்தான். கையைக் கழுவி, முகக்கவசம் போட்டு, ஒருதடவைக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். அவன் தன் கையை நம்பவில்லை. பத்துத் தடவை கழுவினாலும் மீன்வாடை போகாத கை. வராந்தாவில் யாராவது இருமினால் அவனுக்கு உயிர் பதறும். போகிற வருகிறவனை எல்லாம் முறைத்தான். ஒரு கிழவர் தும்மினதற்கு, "அந்தால போய்த் தும்மும் ஓய்," என்று சண்டைக்கே போய்விட்டான். கடலில் புயல் எச்சரிக்கை வந்தால்கூட ஒரு திசை உண்டு, அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். இது எந்தப் பக்கமிருந்து வரும்? குடிக்கிற தண்ணீரிலா, விசிறியின் காற்றிலா, அவன் மூச்சிலா? காவல் இல்லாத வீட்டில் கதவு எத்தனை என்றே தெரியவில்லை.

காய்ச்சல் நூற்றிரண்டுக்கு ஏறினது. கிருமிக்கொல்லி மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கினது. ஜெஸ்பினுக்குப் பேச முடியவில்லை. அவன் உள்ளே போனால் கண்ணைத் திறந்து பார்ப்பாள், கையை அசைத்து 'சாப்பிட்டியளா' என்று கேட்பாள். ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதைத் தாங்கத்தான் அவனால் முடியவில்லை.

மூன்றாம் நாள் முத்துக்கனி அவர்கள் கோயிலான பதியிலிருந்து திருமண்ணும் ஒரு முழம் பிச்சிப்பூவும் கொண்டுவந்தாள். நர்ஸ் வாசலிலேயே தடுத்துவிட்டாள். பூ, மண், பழம் ஒன்றும் உள்ளே போகக் கூடாது.

"சரி மக்கா," என்றாள் முத்துக்கனி நர்சிடம், கோபப்படாமல். "எங்க அய்யா வாசல்லேயே நிப்பாரு. அவருக்கு மூக்குமூடி வேண்டாம்லா?"

நர்சே சிரித்துவிட்டாள். ததேயுசுக்குச் சிரிப்பு வரவில்லை. முத்துக்கனி பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுதேன். தெனமும் மடங்குத வெரலைக் காட்டி அவ சந்தோசப்படும்போது, நானும்தான் கைதட்டினேன். எனக்கும் தோணலியே."

"மூடி போட்டது நீ இல்ல."

"இல்லதான்," என்றாள் அவள். பூவைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு, "சோறு தின்னியளா?" என்றாள்.

நாலாம் நாள் தொள்ளாயிரம். ஏறினதா, எண்ணினதில் வந்த வித்தியாசமா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகிற ஊசியும் போட்டார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் நூறுக்கு வந்தது. அன்று ரத்த எண்ணிக்கை வரத் தாமதமாகி, கடைசியில் ஆயிரத்து ஐந்நூறு என்று வந்தது. ததேயுஸ் அதை எவரிடமும் சொல்லவில்லை. வலை கனக்கிறது என்று மேலே வருவதற்கு முன்னால் சொல்லக் கூடாது. பாறையாகவும் இருக்கும்.

ஆறாம் நாள் காலையில் அவளுக்கு முகம் துடைத்துவிட்டான். வெந்நீர்த் துணியால் கையைத் துடைக்க விரலைப் பிடித்ததும் ஜெஸ்பின் "அம்மோ!" என்று அலறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

அவன் துணியைக் கீழே போட்டுவிட்டான். குனிந்து பார்த்தான். நடுவிரல் முட்டியிலும் ஆள்காட்டி விரல் முட்டியிலும் தோல் மினுங்கினது. தொட்டால் சுட்டது. நேற்று எலும்பு தெரிந்த இடத்தில் இன்று நீர் கோத்திருந்தது. மற்றக் கையிலும் அதே இடம்.

"மடக்கு பாப்போம்."

பாதிவரை மடங்கினது. அதற்குமேல் போகவில்லை. அவள் கண்ணில் நீர் வந்தது.

அவன் ஓடினான். படியிறங்கி, புறநோயாளிகள் வரிசையை இடித்துக்கொண்டு, நந்தனா வெளியே வரும்வரை கதவோரம் நின்றான்.

"டாக்டரே, கையி மறுபடி வீங்குது. சுடுது. தொட விடமாட்டேங்கா. அப்பம்... ஆளு வந்திருச்சா?"

நந்தனா அவனைப் பார்த்தாள். ஆறு நாளாக மழிக்காத முகம், நின்ற இடத்தில் நிற்க முடியாத கால்.

"வலி நொம்பலத்தை வச்சு மட்டும் சொல்ல முடியாது. காலையில எடுத்த ரத்தம் இப்போ வந்திரும். இருங்க."

இருந்தான். பதினோரு மணிக்கு அவளே மாடிக்கு வந்தாள், கையில் தாளோடு.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம். ஏறுது," என்றாள். "ஆனா கேட்டுக்கோங்க. ஆளு வந்தா பழைய கூப்பாடும் வரும். ரத்தத்துல அழற்சியைக் காட்டுற சி.ஆர்.பி.யும் கூடுது, அதுல கிருமி எவ்வளவு, மூட்டு எவ்வளவுன்னு இன்னும் பிரிக்க முடியல. அந்த மாத்திரையை இப்போதைக்குத் தொட முடியாது. சேதியை மறிக்கிற அந்த ஊசி போடணும்னா ஒடம்பு தேறணும், காசநோய்ச் சோதனை முடியணும். அதுவரைக்கும் கொஞ்ச மருந்தை வச்சுத்தான் ஓட்டணும். வலி இருக்கும்."

"எத்தனை நாளு?"

"தெரியாது. வாரக்கணக்கா இருக்கலாம்."

அவன் தலையை ஆட்டப் போனான். பாதியில் நிறுத்திக்கொண்டான். "இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டரே. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்லுதேன்."

அவள் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். ஒரு இடத்தில் தப்பினது. அவள் திருத்தினாள், அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான்.

உள்ளே ஜெஸ்பின் இரண்டு கையையும் தலையணைமேல் மலர்த்தி வைத்து, யாரோ விட்டுப்போன பொருளைக் காவல் காப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் பேசினாள். ஆறு நாளில் முதல் முழுப்பேச்சு அதுதான்.

"நல்லா இருந்த கையி. இனி அண்டி ஆபீசுல என்னை எடுப்பானா?"

"தெரியாதுட்டி."

"நொம்பலம் தாங்க முடியல."

"தெரியும்."

"ஒங்களுக்கு என்ன தெரியும்? இனி என் குளிகையை நீங்க தொடப்புடாது. சொல்லிட்டேன். ஊரு முழுக்க எழுதிப் போடுங்கோ, என் குப்பியில மட்டும் எழுதாதீங்கோ."

"தொடல."

"வராந்தாவுல போற வாறவனை எல்லாம் மொறச்சியளாமே? தும்முனவரையும் ஏசினியளாம். முத்துக்கனி அக்கா சொன்னா."

அவன் கட்டிலோரம் உட்கார்ந்தான். கஞ்சிப் பாத்திரத்தைத் திறந்தான். நேற்றுவரை அதில் ஒரு வாய் இறங்கவில்லை. கரண்டியில் கொஞ்சமாக எடுத்து, ஊதி, அவள் உதட்டோரம் கொண்டுபோனான். அவள் வாங்கினாள். முகத்தைச் சுளித்தாள். தொண்டை ஒருதடவை ஏறி இறங்கினது. எரிகிறதா என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. இன்னும் மூன்று மணி நேரத்தில் திரும்ப ரத்தம் எடுக்க வருவார்கள்.

அடுத்த கரண்டியை ஊதினான்.